பவளத்துக்கு வைத்த படையல்

என் சரோவுக்கு, வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "அண்ணி, அது எப்படி இருக்கு?" என்று கேட்கும் என் நாத்தனாருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்தேன். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. முகம்கூடக் கழுவவில்லை. துத்தநாகப் பொடி ஒரு சிட்டிகை, மருந்து சில சொட்டு. குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இளஞ்சிவப்பு. மூன்றாவது இளஞ்சிவப்பு. அதைப் பார்த்த பிறகுதான் தொட்டிப் பக்கம் திரும்பத் தைரியம் வந்தது.

தொட்டியில் என்ன பார்த்தேன் என்று இப்போதே சொல்ல மாட்டேன். உனக்கு எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சினிமாவுக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் உள்ளேயே வரமாட்டாயே! உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்வேன், பொறுத்துக்கொள். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா?

நாளை மறுநாள் உன் வருஷத் திதி. இந்த ஒரு வருஷத்தில் மெட்ராஸைச் சென்னை ஆக்கிவிட்டார்கள். நம் தெருமுனையில் இரண்டாவது எஸ்டிடி பூத் வந்திருக்கிறது. நம் வீட்டுக்குப் பின்னால் கடைசியாக மிச்சமிருந்த வயலிலும் மனை பிரித்துக் கல் நட்டாயிற்று. மாடம்பாக்கம் முழுக்க யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருப்பதால் உன் அண்ணனின் ஹார்டுவேர் கடையில் உட்கார நேரமில்லை. கோவளத்துக்குப் போகும் பஸ்ஸில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கண்டக்டர் இப்போதும் என் கேன்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? வஞ்சிரம் வாங்கத்தான் கோவளம் போனோம். மைக்கேல் அண்ணன் வலையைக் கரையில் விரித்துப் போட்டு உதறிக்கொண்டிருந்தார். வலையில் ஒரு கல். கல்லின் மேல் பழுப்பாக, காதுமடல் போல மடிப்பு மடிப்பாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உன் வாளித் தண்ணீரில் போட்டாய். போட்டுவிட்டு, மீன் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் மடிப்புகளின் மேல் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள் எழும்பின.

"அண்ணா, இது உயிரோட இருக்கு!"

"பின்ன இன்னாம்மா? பவளப்பூண்டு அது. ஆழத்துல பார்ல வலை மாட்டிக்கிச்சி, கல்லோட பேத்துகினு வந்துட்ச்சி. வோணும்னா எட்துகினு போ. இல்லாட்டி தூக்கிக் கடாசிடுவேன்."

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் தரை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வாளியும் இரண்டு கேன் கடல் தண்ணீருமாக பஸ் ஏறினோம். கண்டக்டர், "இன்னாம்மா கேன்ல? மண்ணெண்ணெயா?" என்று முகர்ந்து பார்த்தார். நீ, "கடல் தண்ணி சார்" என்றாய். "கடல்தான் அங்கியே கீதே, அத்த எதுக்கும்மா தாம்பரத்துக்கு இட்டுகினு போற?" என்று அவர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது.

இத்தனை பாடு எதற்கு என்று நானும் அன்றிரவு கேட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தவள் நீ. "நாள் முழுக்கக் காதுல மனுஷங்க குரல் அண்ணி. யாராவது யாரையாவது திட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டு. வீட்டுக்கு வந்தா பேசாத ஒண்ணு முன்னாடி உக்காரணும்போல இருக்கு" என்றாய். உன் அண்ணன் மறுபேச்சில்லாமல் கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி போட்டுக் கொடுத்தார். மேலே நான்கு ட்யூப்லைட், வெயில் நாட்களில் தண்ணீர் சூடேறாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேன், துணைக்குக் கோமாளி மீன் ஒன்று, நீல மீன் இரண்டு.

முதல் தப்பு உன்னுடையது. இதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மறுசோறு போடாமல் விடாதவள், மீனை மட்டும் விடுவாயா? காலையில் ஒரு தடவை, மத்தியானம் என்னை விட்டு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஒரு மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பழுப்புச் சளி, கல்லெல்லாம் பச்சைப் பாசி. நீல மீன் ஒன்று செத்து மிதந்தது. பவளம் முஷ்டி மடக்கினது போலச் சுருங்கிப் போயிற்று. நீ அன்று சாப்பிடவில்லை.

அப்போதுதான் நான் உள்ளே வந்தேன். குரோம்பேட்டையில் கழிவுநீர் சோதிக்கும் லேபில் நான் கெமிஸ்ட். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மீன் தின்றதும் கழித்ததும், தின்னாமல் விட்டதும் தண்ணீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சேர்கிறது என்று உனக்கு விளக்கினேன். நைட்ரேட் இருந்தால் மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு, பாஸ்பேட் இருந்தால் நீலம். நம் தொட்டித் தண்ணீர் அன்று செம்பருத்தி நிறத்தில் நின்றது. "அய்யோ, குங்குமத் தண்ணி மாதிரி இருக்கே" என்று நீ வாயில் கை வைத்தாய்.

பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இவையெல்லாம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மிகக் குறைவு என்பதைப் பூஜ்யம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேலையில் அப்படித்தானே பழக்கம்? கழிவு என்றால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாரா வாரம் பாதித் தண்ணீரை மாற்றினேன். மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான். கரியைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். மூன்றே மாதத்தில் சோதனைக் குழாய் நிறமில்லாமல் நின்றது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. குழாயை உன் மூக்குக்கு நேராக நீட்டி, "பாத்தியா? பன்னீர் மாதிரி!" என்று கொக்கரித்தேன்.

நீ குழாயைப் பார்க்கவில்லை. பவளத்தைப் பார்த்தாய்.

"வெளுத்துப் போச்சே அண்ணி."

"சுத்தமா இருக்கு. அதான் வெளுப்பா தெரியுது."

"இல்ல. அதுக்குப் பசிக்குது."

"அதுக்கு வயிறே கிடையாது சரோ. உன்ன மாதிரி அது பசி பசின்னு உக்காந்திருக்கல."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன். அதே சமயத்தில்தான் உனக்குக் கிட்னி கெட்டுப்போனதும், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும், பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் அளவு எழுதிக் கொடுத்ததும். அந்தச் சீட்டையும் நான்தான் சமையலறையில் ஒட்டினேன். உன் தட்டையும் நான்தான் அளந்தேன். "என்னையும் பட்டினி போடுறீங்க, அதையும் பட்டினி போடுறீங்க. ரெண்டு பேரும் ஒரு நாள் எகிறிக் குதிச்சு ஓடப் போறோம் பாருங்க" என்று நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். கடைசி வாரம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கேட்டாய். ஒரு வாய் போதும் என்றாய். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம் என்றேன். ரிப்போர்ட் வியாழக்கிழமை வந்தது. நீ புதன்கிழமையே போய்விட்டாய்.

அந்த ஒரு வாய் உன்னைக் கெடுத்திருக்குமா? காப்பாற்றியிருக்குமா? இரண்டுமே இல்லை என்றுதான் புத்தி சொல்கிறது. பிறகு ஏன் அந்தக் குழம்பை இன்றுவரை நான் வைக்கவில்லை?

விடு. இது அழுகிற கடிதம் இல்லை. அடுத்து நடந்ததைக் கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று அகரம்தென் ஊரிலிருந்து வந்த அத்தை வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உன் அப்பாவின் தங்கை. அவர் ஒன்று சொன்னால் உன் அண்ணனே வாயைத் திறக்கமாட்டார். நான் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தொட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, மூலையில் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்த கடல் தண்ணீர் கேன்கள் ஏழும் கவிழ்ந்து கிடந்தன. தெளிவதற்காக மூன்று வாரமாக வைத்திருந்த தண்ணீர்.

"அத்தை, இதுல இருந்த தண்ணி?"

"சாவு வூட்ல தேக்கி வெச்ச தண்ணி ஆவாதும்மா. பொணம் எட்த ஒடனே கொடம், அண்டா, இந்தக் கேனு, அல்லாத்தையும் தெருவுல ஊத்திட்டேன். யப்பா, இன்னா உப்பு! இத்த எப்படிதான் குடிக்கிறீங்களோ."

அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சரோ. உடனே அழுகையும் வந்தது. மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். தண்ணீர் மாற்ற வழியில்லை. இனி அது சாகட்டும் என்றுகூட நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தக்காலைப் பிடுங்கிய மறுநாள்தான் தொட்டியின் முன் வந்து நின்றேன். கண்ணாடி முழுக்கப் பழுப்புத் திரை. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. கல்லிடுக்கில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கையை விட்டு எடுத்தால், பாதி தின்ற இறால். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்தேன். இளஞ்சிவப்பு. பாஸ்பேட் மருந்துக்கும் மெல்லிய நீலம். ஒன்றரை வருஷ உழைப்பு பதினாறு நாளில் போயிற்றே என்று கத்திவிட்டேன். பாய் சுருட்டிக்கொண்டிருந்த அத்தை நிதானமாக வந்தார்.

"நாந்தான் போட்டேன். தெனம் ஒண்ணு. தெருவுல மீன்காரி வருவால்ல, அவகிட்ட வாங்கி, பின்னாண்ட குந்தி உரிச்சிப் போட்டேன்."

"பதினாறு நாள் வீட்ல கவுச்சி கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வூட்ல கூடாதுன்னுதான் சொன்னேன். அது தண்ணிக்குள்ளதான திங்குது? வூட்டுக்குள்ளயா திங்குது?" என்று என்னையே கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொத நாளு காக்காக்கு சோறு வெச்சேன், ஒண்ணும் வரல. சரோவு காக்காயாவா வரும்? உசுரோட இருந்தப்பவே கண்ணு இங்கதான இருக்கும். அதான் இங்க வெச்சேன். தெனம் படையலு" என்றார்.

அத்தை தன் முந்தானையால் கண்ணாடியை ஒரு துடை துடைத்தார்.

"நீ எவ்ளோ வேணா திட்டிக்கோம்மா. ஆனா அத்தப் பாரு. கைய விரிச்சிகினு எப்படி நிக்குது! பசில கெடந்திருக்குது, பாவம்."

உன் வார்த்தை. நீ சொன்னதை அத்தை கேட்டதில்லை. அத்தைக்கு நைட்ரேட்டும் தெரியாது, பாஸ்பேட்டும் தெரியாது. துடைத்த இடத்தின் வழியாகப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்த பவளத்தில் பழைய தேன் நிறம் ஏறியிருந்தது. அந்தப் பொடி நட்சத்திரங்கள் ஆயிரமாகத் திறந்திருந்தன. ஆறு மாதமாக நான் பார்க்காத காட்சி.

அன்று முழுக்க யோசித்தேன். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. அந்தச் சமையலுக்கு நான் கழிவு என்று துரத்தினேனே, அதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துளி வேண்டும். நிறைய இருந்தால் வெளியே இருக்கும் பாசி செழித்து எல்லாவற்றையும் மூடும். அது உன் தப்பு. ஒன்றுமே இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பாசி மடியும், பவளம் வெளுக்கும். அது என் தப்பு. நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம், சரோ.

அந்த வாரமே உன் அண்ணன் இடி இறக்கினார். அவருக்கு அந்தத் தொட்டிப் பக்கம் வர முடியவில்லை. கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "எடுத்துடலாம் வசந்தா. என்னால பாக்க முடியல" என்றார். நான் முடியாது என்றேன். கல்யாணமான இருபது வருஷத்தில் அவரிடம் அவ்வளவு கறாராக முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசியில், "சரி, வருஷத் திதி வரைக்கும் இருக்கட்டும். அன்னிக்கு அது நல்லா இருந்துதுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா தொட்டியைக் கழட்டிடணும்" என்றார். ஒப்புக்கொண்டேன். எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது.

முதலில் எந்தச் சிவப்பு சரியான சிவப்பு என்று தெரிய வேண்டும். லேபில் கலந்து வைக்கும் நிறங்கள் நாளாக நாளாக மங்கிவிடும். ஆகவே ஒரு சனிக்கிழமை அளவு தெரிந்த ஐந்து குழாய்களை அப்போதே கலந்து, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, தாம்பரம் மார்க்கெட்டில் நீ பிளவுஸ் துணி எடுக்கும் மேட்சிங் கடைக்குப் போனேன். கடைப்பையன் இல்லை, அந்த வழுக்கைத் தலைக்காரரே இருந்தார். குழாய்களை வரிசையாக மேஜையில் வைத்தேன்.

"இன்னா மேடம், புடவை எங்க?"

"புடவை இல்ல சார். இந்த அஞ்சு கலருக்கும் சரியா மேட்ச் ஆகற துணி வேணும். ஒரு சாண் போதும்."

"ரத்த டெஸ்ட்டா மேடம்?"

"மீன் தொட்டி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொழில் ரோஷம் வந்துவிட்டது. வாசலில் பகல் வெளிச்சத்துக்குக் குழாய்களைக் கொண்டுபோய், முப்பது ரோஸ் துணிகளை இறக்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "நாலாவது கொஞ்சம் மாம்பழ ரோஸ் அடிக்குது மேடம், இருங்க" என்று உள்ளே ஓடினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஐந்து துணிகளும் இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக வரிசையாகக் குத்தியிருக்கின்றன. மூன்றாவது துணி, லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் நைட்ரேட். குழாயின் நிறம் அங்கே நின்றால் பவளம் நன்றாக விரிகிறது, கல்லில் பாசியும் ஏறவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று.

அதற்குள் ஒரு தடவை விழுந்தேன். அத்தை போட்டதே நல்லது செய்ததே என்று நானும் தாராளமாகப் போட ஆரம்பித்து, சிவப்பு ஐந்தாவது துணியைத் தாண்டியது. முடி முடியாகப் பச்சைப் பாசி பவளத்தின் காலடி வரை ஏறிவிட்டது. பழைய வசந்தாவாக இருந்தால் பாதித் தண்ணீரை ஒரே நாளில் கொட்டி மாற்றியிருப்பேன். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டேன். ஏறினதை மெல்லத்தான் இறக்க வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் அதுவே அதற்கு அடி. வாரம் இரண்டு கேன் மட்டும் மாற்றினேன். இறாலைப் பாதியாக்கினேன். பாசியைப் பழைய பல் பிரஷ்ஷால் கல் கல்லாகத் தேய்த்து எடுத்தேன். இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் கோவளம் பஸ். தனியாகத்தான் தூக்கினேன். இடது கேன் எப்போதும் உன்னுடையது. அதுதான் அதிகம் கனத்தது.

இப்போது வாரத்துக்கு இரண்டு இறால். செவ்வாய் ஒன்று, சனி ஒன்று. மீனுக்குத் தினம் ஒரு சிட்டிகை, ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு கேன் தண்ணீர். தண்ணீர் வெளுத்தால் இறால் கூடும், சிவந்தால் குறையும். சொன்னால் நாலு வரி. இந்த நாலு வரிக்கு நீ இருந்த ஒன்றரை வருஷமும் நீ இல்லாத ஒரு வருஷமும் ஆகியிருக்கிறது.

போன மாதம் மைக்கேல் அண்ணன் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், வீட்டுக்கும் வந்தார். தொட்டி முன் நின்றவர் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இத்த நானா குடுத்தேன்? உள்ளங்கை அகலம்தான இருந்திச்சி. இப்ப சோத்துத் தட்டு மாரி கீதே! இன்னா போட்டு வளக்கற யக்கா?"

"அளவாப் போடறேன்."

"நம்ம வூட்டுக்காரிகிட்டயும் கொஞ்சம் சொல்லு யக்கா" என்று தன் தொந்தியைத் தட்டிக்காட்டினார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திதிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது ஒரு காலை பவளம் மூடிக்கொண்டது. நட்சத்திரங்கள் ஒன்றுகூட இல்லை. மேலெல்லாம் மெழுகு பூசினது போல ஒரு படலம், நிறம் செத்துச் சாம்பலாக. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் உன் அண்ணன் முதுகைத் திருப்பாமல், தோளுக்கு மேலே பார்த்து, "போச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலில் வெற்றி இல்லை, சரோ. அதுதான் என்னை உலுக்கியது. அவரும் அது பிழைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக முதுகால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குள் பழைய வசந்தா எழுந்துவிட்டாள். பாதித் தண்ணீரை மாற்று என்றாள். இறாலை நிறுத்து என்றாள், இரண்டு மடங்கு போடு என்றாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் குழாய். கேனைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சோதித்தேன். மூன்றாவது துணி. நீலமும் வழக்கமான நீலம். தண்ணீரில் குற்றமில்லை. அப்படியென்றால் அது தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது. நான் கையை எடுக்க வேண்டும். கேனை மூடினேன். தினமும் காலையில் சோதித்தேன், தினமும் மூன்றாவது துணி. வேறெதையும் தொடவில்லை. அந்த நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருந்தேனே, என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. உன் தட்டுக்கு முன்னால் இது எனக்கு வரவில்லையே.

இன்று பத்தாம் நாள். இனி சொல்கிறேன், என்ன பார்த்தேன் என்று.

படலம் உரிந்து, கிழிந்த டிஷ்யூ காகிதம் போலத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பழைய தோலைக் கழற்றிப் போட்டிருக்கிறது, சரோ! கீழே புதுத் தோல், நல்ல தேன் நிறம். விளிம்பெல்லாம் புது மடிப்பு. நட்சத்திரங்கள் ஒரு விரற்கடை நீளத்துக்கு எழும்பி, பம்பு விடும் அலையில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கோமாளி மீன் அதற்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. உன் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

நின்று பார்த்தார். போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவை, முகம் அந்தப் பக்கமாக. பிறகு, "சரோ பாத்திருந்தா மெட்ராஸ் பூரா லைன் போட்டுச் சொல்லியிருப்பா" என்றார். கடை திறக்கும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. தொட்டியைக் கழற்றுவது பற்றி இனி இந்த வீட்டில் யாரும் பேசப் போவதில்லை. ஜெயித்துவிட்டோம், சரோ. நீ சொன்ன பசியும் நான் பிடித்த அளவும் சேர்ந்துதான் ஜெயித்தன.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு வாய் கேட்டால், எந்தச் சீட்டு எந்தச் சுவரில் ஒட்டியிருந்தாலும், அந்த ஒரு வாயை நாளைக்கு என்று தள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் அண்ணனிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொல்லவில்லை. இந்தப் பத்து நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. நமக்கு உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஒரே தொட்டியில், ஒரே பெண்ணின் புத்தியை நம்பி. ஒரு நீண்ட கரண்ட் கட் போதும், என் ஒரு தப்பு போதும். இந்த ஜாதிப் பவளத்தைப் பிளேடால் வெட்டிக் கல்லோடு கட்டி வைத்தால், துண்டு தனியாக வேர் பிடித்து வளரும் என்று அந்தக் கிழிந்த புத்தகத்தில் இருக்கிறது. வெட்டினவர்களை நான் பார்த்ததில்லை. பிழைக்குமா என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. அது இதைவிடத் திடமாக இருக்கப்போகிற நாளும் இல்லை. ஆகவே திதி முடிந்த மறுநாள், உன் அண்ணன் கடைக்குப் போன பிறகு, நான் அதை இரண்டாக வெட்டப் போகிறேன். ஒரு பாதி இங்கே. மறு பாதிக்கு உன் அறையில், உன் கட்டில் இருந்த இடத்தை நேற்றே அளந்துவிட்டேன். இன்னொரு நாலடித் தொட்டி தாராளமாகப் பிடிக்கும்.

உன் தட்டை அளந்த, இனி அளவு தெரிந்த
உன் அண்ணி,
வசந்தா